எழுபத்தோராவது கிலோமீட்டர்

ஸ்டாடன், ஏப்ரல் 7

தம்பி லீவனுக்கு,

நேற்று, ஈஸ்டர் திங்கள், காலை பதினொன்றே காலுக்கு, புறப்பட்டதிலிருந்து எழுபத்தோராவது கிலோமீட்டரில், மேடோ பள்ளமோ இல்லாத நேர் ரோட்டில், எதிரே ஒரு கோழிகூட வராத நேரத்தில், நீ சைக்கிளோடு உழுத வயலில் விழுந்தாய். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். எங்கள் சைக்கிள் கிளப்பின் பதினோரு பேரும் பார்த்தார்கள்.

விசாரிக்க வேண்டியதை முதலில் விசாரித்துவிடுகிறேன். முழங்கை எப்படி இருக்கிறது? கிரீட் நலமா? நீ மாஸைக் போய்ச் சேர்ந்ததும் போன் செய்வாய் என்று உன் அண்ணி மார்லீன் காத்திருந்தாள். நீ செய்யவில்லை. நான் செய்தால் இரண்டாவது நிமிஷத்தில் நம்மில் ஒருவன் வைத்துவிடுகிறான். அதனால் அவள் உத்தரவு: "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. கடுதாசின்னா பாதியில வைக்க முடியாதில்ல." ஆகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், என் கிடங்கிலிருந்து நானே பொறுக்கி எடுத்து வந்த உருளைக்கிழங்கை, செத்த பல்லியைத் தள்ளுவதுபோல் முள்கரண்டியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாய். பன்றிக்கறியை மட்டும் வெண்ணெயில் முக்கித் தின்றாய். எட்டு மணி அடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "கடை சாத்தியாச்சு அண்ணி" என்றாய். அவள் ஒரு பியர் கொடுத்தாள். "அதுல மாவுச்சத்து இருக்கு அண்ணி." நேற்று காலையில் நாங்கள் ரொட்டி தின்றுகொண்டிருக்க, நீ கறுப்புக் காபியில் வெண்ணெய்க் கட்டியைப் போட்டுக் கலக்கிக் குடித்தாய். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் ஓடும். மனிதனுக்கு அது பலகாரம் ஆகாது.

ஈஸ்டர் திங்களன்று ஐம்பதாவது கிலோமீட்டரில் தலைவர் வீட்டில் சுட்ட வாஃபிள் ஆளுக்கு ஒன்று, சைக்கிளை விட்டு இறங்காமல் தின்ன வேண்டும் என்பது எங்கள் கிளப் வழக்கம். நீ நன்றி சொல்லி வாங்கிச் சட்டையின் முதுகுப் பையில் போட்டுக்கொண்டாய். வயலில் விழுந்தபோது உனக்கு முன்னால் அதுதான் மண்ணில் விழுந்தது. பசியால் விழுந்தவன் பையிலிருந்து சாப்பாடு விழுவதை அறுபத்துமூன்று வயதில் முதல்முறையாகப் பார்த்தேன். தலைவர் குஸ்ட் என்னிடம் கேட்டான்: "தவக்காலம் முந்தாநேத்தோட முடிஞ்சுதே நோர்பெர்ட், உங்க தம்பிக்கு யாரும் சொல்லலையா?"

முழங்கைக்கு மருந்து போடு.

உன் அண்ணன்
நோர்பெர்ட்


மாஸைக், ஏப்ரல் 16

அண்ணா,

நலம். முழங்கை ஆறிவிட்டது. கிரீட்டும் நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல். வாஃபிளுக்கு குஸ்ட்டிடம் மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல்.

நான் விழுந்தது சரளைக்கல்லால். பசியால் அல்ல. நேர் ரோட்டிலும் சரளை இருக்கும்.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் பௌதிகம் நடத்தியவன் என்பதால் உனக்குப் புரியும்படி சொல்கிறேன். உடம்பில் இரண்டு டாங்க். சின்ன டாங்கில் சர்க்கரை, இரண்டு மணி நேர ஓட்டத்தில் தீரும். பெரிய டாங்கில் கொழுப்பு, ஒரு வாரத்துக்கு வரும். உங்கள் கிளப்பில் எல்லோரும் சின்ன டாங்கை நிரப்ப அரை மணிக்கொரு தடவை கடை கடையாக நிற்கிறீர்கள். நான் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, மாவுப் பண்டத்தை ஒதுக்கி, பெரிய டாங்கைத் திறக்கப் பழகுகிறேன். இதில் கேலிக்கு என்ன இருக்கிறது? தினம் பத்து லாரி உருளைக்கிழங்கு விற்கிறவன் உருளைக்கிழங்கு நல்லது என்கிறான். இந்த சாட்சியை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

ஒன்று கேட்கிறேன். அன்று நல்ல குளிர். நீ நான்கு பாட்டில் தண்ணீர் குடித்தாய். ஐந்து வேலிக்குப் பின்னால் ஒதுங்கினாய். கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தாய்?

அன்புடன்
லீவன்


ஸ்டாடன், ஏப்ரல் 24

லீவா,

இங்கே எல்லோரும் சுகம். நடவு முடிகிறது. மழை வேண்டும், வரவில்லை.

உன் இரண்டு டாங்கும் கிடைத்தன. அந்த ஞானத்தை எங்கிருந்து வாங்கினாய் என்று பார்க்க, நீ இங்கே விட்டுப்போன வெண்ணெய்ப் பொடி டப்பாவில் இருந்த இணைய முகவரியை என் மகளிடம் கணினியில் திறக்கச் சொன்னேன். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு ஒருவன் மலைமேல் சைக்கிளோடு நிற்கிறான். வெண்ணெய்ப் பொடி டப்பா அறுபத்துநான்கு யூரோ. காலையில் சாப்பிடாதே என்று தினமும் போனில் நினைவூட்டுவதற்கு மாதம் பத்தொன்பது. கோபம் வந்த பெண்டாட்டி இதை இலவசமாகச் செய்வாள்.

இருபத்திரண்டு வயதில் ஒரு ஓட்டை டிரெய்லரோடு தொடங்கியவன் நான். நாற்பது வருஷமாகப் பொருளை வாங்கிப் பொருளை விற்கிறேன். தராசில் வைத்தால் முள் அசையும். ஒன்றுமே இல்லாததை டப்பாவில் அடைத்து, அதைத் தின்னாமல் இருப்பதற்கும் காசு வாங்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் இல்லை, தொழில் பொறாமைதான். கோபம் வாங்கியவன்மேல். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னானாம், படித்த வாத்தியார் பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடினாராம்.

பதினாறு மணி நேரம் சாத்தி எட்டு மணி நேரம் திறக்கிறாயாம். என் குளிர்கிடங்குக்கும் அதே நேரம்தான். அதற்குள் இருப்பதும் கிழங்குதான்.

குளியலறையில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவி ஒன்றை நீ மறந்து, மறுபடி வந்து எடுத்துப்போனதாக மார்லீன் சொன்னாள். அது என்ன?

நோர்பெர்ட்


மாஸைக், மே 19

அண்ணா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நலமாக இருக்கிறேன், நலத்துக்கு மேலேயே. ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். பழைய பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை போட்டாள் கிரீட்.

அந்தக் கருவி கொழுப்பு எரிகிறதா என்று பார்ப்பதற்கு. அவ்வளவுதான்.

இங்கே எங்கள் கிளப்பில் என்னை ரோடு கேப்டனாக்கிவிட்டார்கள். கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு முன்னால் போகிறேன், நாற்சந்தியில் நடுவே நின்று லாரிகளை நிறுத்துகிறேன், இருபத்திரண்டு பேர் என் பின்னால் கடக்கிறார்கள். எல்லாம் வெறும் வயிற்றில். விழவில்லை. நீ சொன்ன ஜோசியம் பலிக்கவில்லை.

செப்டம்பர் 13 நம் இருவர் ஓட்டம், மறக்கவில்லையே? இருபத்தாறாவது வருஷம். கெம்மல் மேடு, நூற்றிருபது கிலோமீட்டர். நான் காலி வயிற்றோடு வருகிறேன். நீ உன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வா. மேட்டின் உச்சியில் காத்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டேன். கிடங்கு, மழை, டப்பா எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அதற்கு மட்டும் வரவில்லை.

லீவன்


ஸ்டாடன், மே 27

லீவா,

நாங்கள் நலம். ஒன்பது கிலோ குறைந்தது பற்றி சந்தோஷம். இருபத்தைந்து கிலோ மூட்டையில் ஒன்பது கிலோ குறைந்தால் நான் மூட்டையில் ஓட்டை எங்கே என்று தேடுவேன், நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

உன் புகழ் இங்கே பரவியிருக்கிறது. குஸ்ட் போன ஞாயிறு உன் முறையைச் சோதித்தான். நாற்பதாவது கிலோமீட்டரில் யாரோடும் பேசவில்லை. ஐம்பதில் ஒரு பண்ணை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது மீசையில் துகள்.

"என்னய்யா தின்ன?"

"பிஸ்கட்."

"யாரு குடுத்தா?"

"கேக்காத. நாய் ரொம்ப நல்ல நாய்."

சிரித்தோம். இப்போது சிரிக்காத பேச்சு. வெறும் வயிற்றில் நீ ஒருவன் வயலில் விழுந்தால் அது உன் முழங்கை. நாற்சந்தியின் நடுவில், லாரிக்கு முன்னால், உன் கையை நம்பி இருபத்திரண்டு பேர் வரும்போது விழுந்தால்? என் லாரிகளும் அந்த ரோட்டில்தான் வருகின்றன. என் டிரைவர்கள் மஞ்சள் பட்டையைப் பார்த்து பிரேக் போடுவார்கள். பட்டை கட்டியவன் தரையில் கிடந்தால் எதைப் பார்ப்பார்கள்?

அன்று நீ விழுந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். வேர்த்து, வெளுத்து, என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாய். சரளைக்கல் மனிதனை அப்படிப் பார்க்க வைக்காது. நீ எதையோ சொல்லவில்லை.

ஆகவே: சாப்பிட்டுவிட்டு வருவதானால் செப்டம்பர் உண்டு. இல்லையென்றால் இருபத்தாறாவது வருஷம் இல்லை.

நோர்பெர்ட்


ஸ்டாடன், ஜூலை 3

லீவா,

ஐந்து வாரம் ஆயிற்று. கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதலாம், அதில் மாவுச்சத்து கிடையாது.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. மார்லீன் அடித்தாள், கிரீட் எடுத்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றாளாம். நல்லாத்தான் என்பதில் அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை.

முன்பருவக் கிழங்கு தோண்டத் தொடங்கிவிட்டோம். வெயில் அதிகம், தாகமும் அதிகம். ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன். தின்னாவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடு.

நோர்பெர்ட்


மாஸைக், ஜூலை 15

மரியாதைக்குரிய அத்தான்,

நீங்களும் அக்காவும் சுகமா? கிழங்கு மூட்டை வந்தது, நன்றி. அவர் எழுத மாட்டார், எழுதக் கூடாது என்று எனக்கும் சொல்லியிருக்கிறார். இருந்தும் எழுதுகிறேன்.

ஜூன் 28, ஞாயிறு, மாஸ் ஆற்றுப் பாலத்தருகே நாற்சந்தியில் அவர் விழுந்தார். கையைத் தூக்கி ஒரு காரை நிறுத்தினார், கை இறங்கவில்லை, அப்படியே சாய்ந்தார் என்றார்கள். கார்க்காரர் மெதுவாக வந்தவர். அதனால்தான் இன்று இந்தக் கடிதம் இப்படி எழுதப்படுகிறது. ஆம்புலன்ஸில் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள்.

அத்தான், அவருக்கு நான்கு வருஷமாகச் சர்க்கரை வியாதி. உங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கிளப்புக்கும் சொல்லவில்லை, பட்டையைக் கழற்றிவிடுவார்கள் என்று. விரலைக் குத்தும் கருவி அதற்குத்தான். சர்க்கரையை இறக்க ஒரு மாத்திரை, காலை உணவோடு போட வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. பட்டினி முறை ஆரம்பித்ததும் காலை உணவை நிறுத்தினார். மாத்திரையை நிறுத்தவில்லை. காபியோடு போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறியிருக்கிறார், மாதக்கணக்காக. டாக்டரிடம் பட்டினியைச் சொல்லவில்லை, உங்களிடம் மாத்திரையைச் சொல்லவில்லை.

நான் கேட்டேன், "ஏன் இப்படி?" "அண்ணன் சிரிப்பான்" என்றார்.

தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரீட்


ஸ்டாடன், ஜூலை 18

லீவா,

கிரீட்டைத் திட்டாதே. திட்டினால் அங்கே வந்து உன்னைத் திட்டுவேன்.

இத்தனை நாள் உன்னை முட்டாள் என்று நினைத்திருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். முட்டாளுக்கு மறைக்கத் தெரியாது. சில விவசாயிகள் அழுகிய கிழங்கை மூட்டையின் அடியில் போட்டு மேலே நல்லதாக அடுக்கிக் கொண்டுவருவார்கள். நான் ஒன்றும் பேசுவதில்லை, மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்ப்பேன். மேலே இரண்டு டாங்க், பெரிய டாங்க், சின்ன டாங்க் என்று அடுக்கிவிட்டு அடியில் ஒரு மாத்திரையை வைத்திருந்தாய்.

உணவோடு என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. உணவு போன பிறகு "ஓடு" எதோடு? முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளை முழுசாகப் படிக்கச் சொன்னவன் நீ.

நான் சிரிப்பேன் என்று சொன்னாயாம். ஆமாம், சிரித்திருப்பேன். வெண்ணெய்க் காபிக்குச் சிரித்தேன், வியாதிக்கும் ஏதாவது சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. ஆனால் உன் பையிலிருந்து விழுந்த அந்த வாஃபிளை வயலிலேயே மண்ணோடு உன் வாயில் திணித்தும் இருப்பேன். எனக்குத் தெரியாததால் உனக்குத் தண்ணீர் கொடுத்தேன். வெறும் தண்ணீர். இதை நான் மறக்கப்போவதில்லை, நீயும் மறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். மார்லீன் இதைப் படித்துவிட்டு, கடைசி வரியாவது மனுஷன் எழுதியதுபோல் இருக்கட்டும் என்றாள். இதுதான் அந்த வரி.

நோர்பெர்ட்


மாஸைக், ஆகஸ்ட் 9

அண்ணா,

மூன்று வாரம் உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். உன் வாய் அப்படித்தான். நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.

"மாத்திரை எப்போ போடுறீங்க?"

"காலைல, காபியோட."

"சாப்பாடு?"

"பன்னெண்டு மணிக்கு."

"நடுவுல?"

"எழுபது, எம்பது கிலோமீட்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஸார், மாத்திரை ஒரு பக்கம் இறக்குது, பட்டினி ஒரு பக்கம் இறக்குது, சைக்கிள் ஒரு பக்கம் இறக்குது. ஏத்துறதுக்கு என்ன வெச்சிருந்தீங்க?" பிறகு அவரே சொன்னார்: "மாவைக் குறைச்சது தப்பில்ல. சொல்லாம குறைச்சீங்க பாருங்க, அதான் தப்பு."

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி ஒன்பதிலிருந்து ஆறு புள்ளி ஏழுக்கு வந்திருக்கிறது. அந்த மாத்திரையையே நிறுத்திவிட்டார். ஆகவே என் சாப்பாட்டு முறை வேலை செய்தது, அண்ணா. இதையும் நீ எழுதிக்கொள். மாவு குறைவு தொடரும். பட்டினி, சைக்கிள் இல்லாத நாட்களில் மட்டும். டப்பா குப்பையில்.

பட்டையை நானே கழற்றிக் கொடுத்தேன். இருபத்திரண்டு பேரிடமும் ஏன் என்று சொன்னேன். அதில் இருவர், "எங்களுக்கும் அதே மாத்திரைதான்" என்றார்கள். என்னையும் சேர்த்து இருபத்துமூன்று பேரில் மூன்று பேர், மூவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம், ஒருவருக்கொருவர் தெரியாது.

இப்போது உன் மூட்டையைக் கவிழ். தாகம், வேலிக்குப் பின்னால் ஒதுங்குவது, ஒரு வருஷத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியது. எனக்கு நான்கு வருஷம் முன்னால் இவை எல்லாம் இருந்தன. அதனால்தான் ஏப்ரலிலிருந்து கேட்கிறேன். ரத்தம் கொடு. வரும் எண்ணை எனக்கு எழுது. அது இல்லாமல் செப்டம்பருக்கு நான் வர மாட்டேன். போன தடவை நிபந்தனை போட்டவன் நீ, இந்தத் தடவை நான்.

அண்ணிக்கு அன்பு.

லீவன்


ஸ்டாடன், ஆகஸ்ட் 22

லீவா,

எட்டு புள்ளி நான்கு.

பத்து நாள் முன்பு போனேன். டாக்டர் என் கடைசி டிரைவரைவிடச் சின்னப் பையன். "ஐயா, இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல" என்றான். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டான், சொன்னேன், அவன் எழுதிய காகிதம் ஒன்று போதவில்லை. பிறகு, "கிழங்கைக் குறைங்க" என்றான். என் தொழில் என்ன என்பது அவன் மேஜைமேல் இருந்த காகிதத்தில் எழுதியிருந்தது. கிழங்கால் பிழைக்கும் ஸ்டாடனில் உட்கார்ந்துகொண்டு என் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல ஆண்பிள்ளை வேண்டும். மறுபடி அவனிடமே போவேன்.

இதுவரை ஏன் போகவில்லை என்று கேட்பாய். பயம். வாழ்நாளில் எடை போடாமல் ஒரு மூட்டை வாங்கியதில்லை, என் சரக்கை மட்டும் தராசில் ஏற்றாமல் வைத்திருந்தேன். உன்னைக் கேலி செய்துகொண்டே இருந்தால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்று இருந்தது. நீ கேட்டாய்.

மார்லீன் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு சமையலறையில் ரொட்டியை ஒளித்துவைத்தாள். பன்றிக்கறியும் கோஸும் வருகிறது. உன்னைப்போல் காபியில் வெண்ணெய் போடச் சொன்னால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அது இன்றைக்கும் அசிங்கம்தான். சர்க்கரை வந்ததால் என் நாக்கு செத்துவிடவில்லை.

செப்டம்பர் 13-க்கு என் பக்கம்: ஐம்பது கிலோமீட்டர், மணிக்கு இருபத்திரண்டு, கெம்மல் மேடு வேண்டாம். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டும். பேரம் பேசுவதானால் ஒரு வாரத்துக்குள்.

நோர்பெர்ட்


மாஸைக், ஆகஸ்ட் 30

அண்ணா,

எண் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். கிரீட் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தாள்.

திருத்தம் இரண்டு. கெம்மல் இல்லாமல் நான் வர மாட்டேன், ஆகவே அறுபத்தைந்து கிலோமீட்டர். முடியாதவன் மேட்டில் இறங்கித் தள்ளட்டும், மற்றவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டாவது, கருவியை நான் கொண்டுவருகிறேன், இருவருக்கும்.

கிழங்கு மூட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை. கிரீட் தின்கிறாள். ஞாயிறு சைக்கிளுக்கு முன்னால் நானும் இரண்டு. நல்ல கிழங்கு. இதற்குமேல் என்னிடம் வாங்க முடியாது.

லீவன்


ஸ்டாடன், செப்டம்பர் 3

லீவா,

இங்கே சுகம். காலையில் சர்க்கரை நூற்று ஐம்பத்தாறு. அங்கே?

உன் இரண்டு திருத்தமும் ஏற்கப்பட்டன. முடிவானது இது. செப்டம்பர் 13, ஞாயிறு, காலை ஒன்பது, ஸ்டாடன் மாதா கோயில் முன்பு. அறுபத்தைந்து கிலோமீட்டர், கெம்மல் உட்பட; தள்ளுபவனை மற்றவன் பார்ப்பதில்லை. வேகம் இருபத்திரண்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும். எட்டு மணிக்குள் இருவரும் சாப்பிட்டிருக்க வேண்டும், என்ன என்பது அவரவர் டாக்டர் பாடு. மணிக்கொரு நிறுத்தம், இரண்டு விரல், இரண்டு எண், சத்தமாக, கூட்டாமல் குறைக்காமல். கிண்டல் இரு பக்கமும் உண்டு. எண் எண்பதுக்குக் கீழே போனவன் மற்றவன் கொடுப்பதை வாங்கி அங்கேயே நின்று தின்ன வேண்டும். அதில் பேச்சு கிடையாது.

நோர்பெர்ட்